குருதியும் கூரையும்: காசநோய் பற்றிய ஒரு வினாவின் வரலாறு

தமிழிலே காசநோய்க்கு வழங்கிவரும் பெயர்கள் பலவாகும். சயரோகம், எலும்புருக்கி, இளைப்பு நோய் என்பன அவற்றுட் சில. இப்பெயர்கள் யாவும் நோய் உடலுக்கு யாது செய்கின்றது என்பதைக் கூறுவனவேயன்றி, அது எங்கிருந்து வந்தது என்பதைக் கூறுவனவல்ல. தோற்றத்தைக் கூற முற்படும் பெயரொன்றும் மக்கள் வழக்கில் உண்டு. அது 'பரம்பரை நோய்' என்பதாம். மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்தப் பகுதியிலே, கிராமமாயினுஞ் சரி, தோட்ட லயமாயினுஞ் சரி, திருமணப் பேச்சுத் தொடங்கும்போது மறைமுகமாகவேனும் விசாரிக்கப்படும் செய்திகளுள் இந்நோய் பற்றியதும் ஒன்று. பெண்ணின் பெரியதாயார் இருமி இறந்தார் என்றொரு சொல் வந்தாற் போதும். பேச்சு அத்துடன் நின்றுவிடும். அப்பெண் இருமுகிறாளா என்று எவரும் கேட்பதில்லை. நோய் அவள் குருதியில் உண்டென்பது முடிந்த முடிபாகிவிடுகின்றது.

இம்முடிபை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அவ்வாறு ஒதுக்குவதற்கு இன்றைய அறிவியல் இடந்தரவில்லை. நிர்ப்பீடனத் தொகுதியை ஆளும் பரம்பரையலகுகள் காசநோய்க்கு ஒருவர் ஆளாகுந் தன்மையை ஓரளவு மாற்றவே செய்கின்றன என்பது இன்று ஐயத்துக்கு இடமற்ற செய்தி. எனவே, திருமணப் பேச்சை முறித்துக்கொள்ளும் உறவினர் கூறுவதிலும் ஒரு சிறு உண்மைத்துளி இருக்கின்றதோ என்று கேட்கவேண்டியுள்ளது. அத்துளி எவ்வளவு பெரிது, அது எங்கே கண்டறியப்பட்டது, அதன் பெயரால் யார்மீது பழி சுமத்தப்பட்டது என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வரலாற்றின் முதன்மையான நிகழ்ச்சிகள் சில தமிழ் நிலத்திலேயே நடைபெற்றன என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பிய மருத்துவருட் பெரும்பாலோர் நமது திருமணத் தரகரைப் போலவே சிந்தித்தனர். ஒரு குடும்பத்தில் தாயும் மகளும் பேத்தியும் அடுத்தடுத்து இறப்பதைக் கண்டோர், அதனைக் குலக்குறையெனக் கொண்டது இயல்பே. 1865இல் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் வில்மன், நோயுற்றவரின் இழையத்தை முயல்களுக்கு ஏற்றி அவற்றை நோயுறச் செய்து, இது தொற்றுநோயெனக் காட்டினார். அவரது கூற்றைப் பலர் ஏற்கவில்லை. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பேர்லினில் றொபேட் கொக் காசநோய்க் கோலுயிரைக் கண்டறிந்த செய்தியை வெளியிட்ட பின்னரே விவாதம் ஓய்ந்தது. ஓய்ந்தது என்பதினும், வேறு வடிவங் கொண்டது என்பதே பொருந்தும். ஏனெனில், கோலுயிர் அகப்பட்டதும் புதியதொரு புதிர் தோன்றியது. கிருமி புகுந்தோர் பலர், நோயுற்றோர் சிலர். இன்றைய மதிப்பீட்டின்படி உலக மக்களுள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் இக்கிருமியின் தொற்றுக்கு ஆளானவர்கள். அவர்களுள் 100க்கு 5 முதல் 10 பேர் வரையிலேயே தம் வாழ்நாளில் நோயுறுகின்றனர். எஞ்சியோரை எது காத்தது? ஒரே கூரையின்கீழ் ஒரே காற்றைச் சுவாசித்த அறுவருள் ஒருவரை மட்டும் இந்நோய் பற்றுவதேன்? கொக்கின் நுணுக்குக்காட்டி இதற்கு விடை கூறவில்லை.

அவ்விடைவெளியிலே பழைய குலக்கொள்கை மீண்டும் நுழைந்தது. இலண்டனில் காள் பியர்சன் என்னும் புகழ்பெற்ற புள்ளிவிபர அறிஞர் 1907இல் வெளியிட்ட ஆய்விலே, நோய்க்கு இடங்கொடுக்கும் உடல்வாகு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகின்றதென வாதிட்டார். கணிதத்தில் அவருக்கிருந்த வன்மையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் பெற்றோரும் பிள்ளைகளும் குருதியை மட்டுமன்றி, அறையையும் உணவையும் கிருமியையும் பகிர்ந்துகொள்கின்றனர் என்னும் எளிய தடையை அவரது கணக்கு முற்றாகக் கடக்கவில்லை. மேலும் பியர்சன் மனிதகுல மேம்பாட்டியக்கத்தின் தலைமக்களுள் ஒருவர். வறியோரின் வீட்டைத் திருத்துவதால் அவர்களது குலம் திருந்தாது என்ற எண்ணம் அவ்வியக்கத்தின் அடிநாதமாக ஒலித்தது. அறிவியல் வினாவொன்று சமூக ஆசையொன்றுடன் கைகோத்த கதை இது. அத்தகைய கதைகள் குடியேற்ற நாடுகளில் இன்னும் கடுமையான வடிவத்தைப் பெற்றன.

காசநோய்க்குப் பன்னெடுங்காலம் பழகிய ஐரோப்பியரின் உடல் அதனைத் தாங்கக் கற்றுக்கொண்டது. அதற்குப் புதியவரான பழங்குடியினரும் கிராமத்தவரும் நகரையோ சுரங்கத்தையோ அடைந்ததும் மடிகின்றனர் என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செல்வாக்குப் பெற்றிருந்த கொள்கை. பிரித்தானிய இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்து பின்னர் பேராசிரியரான லைல் கமின்ஸ் இதனை விரிவாக எழுதினார். கொள்கையளவில் இதிற் பொருளுண்டு. ஆனால் நடைமுறையில், தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் கல்தூசியாலும் நெருக்கத்தாலும் பசியாலும் நோயுற்றோர், தம் இனத்தின் இயல்பாலேயே நோயுற்றதாகக் கணக்கெழுதப்பட்டனர். வரலாற்றாசிரியர் றண்டல் பக்கட் 1989இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்கள் சுரங்கங்களல்ல. ஆயினும் அங்குள்ள தொழிலாளரும் இடம்பெயர்ந்தோரே. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டு, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்த மக்களின் வழித்தோன்றல்களே இம்மாவட்டத் தோட்டங்களில் வாழ்வோர். அவ்வழியில் வாந்திபேதியாலும் பெரியம்மையாலும் இறந்தோர் பலர். கோப்பிக் காலத்திலே தொடங்கிய லய அமைப்புப் பின்னரும் நீடித்தது. முதுகோடு முதுகு ஒட்டிய வரிசைகள். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியளவான ஓர் அறை. அதற்குள்ளேயே அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளும். காற்றினாற் பரவும் கிருமியொன்று தனக்கென வீடு கட்டிக்கொள்ள நினைத்தால் இதனினும் ஏற்றதொன்றைக் கட்டியிராது. மாத்தளைப் பகுதித் தோட்டங்களுக்கு நவீன பொதுச் சுகாதார வரலாற்றிலே ஓரிடமுண்டு. றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை 1916இல் தொடங்கியது இங்கேதான். தொழிலாளரின் குருதிச்சோகை தோட்டத்தின் வருவாயைக் குறைக்கின்றது என்ற கணக்கே துரைமாரை அதற்கு இணங்கச் செய்தது. புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. லயத்தின் அறை அப்படியே இருந்தது.

இனி, குருதியின் பங்கை அளந்தறிய முற்பட்டோரிடம் வருவோம். அதற்கு வேண்டப்படுவது, கிருமி அனைவர்க்கும் ஒரே அளவாகச் சென்ற ஒரு நிலை. அத்தகைய நிலையை மனச்சான்றுள்ள எவரும் உருவாக்கார். ஆயினும் விபத்தொன்று அதனை உருவாக்கியது. 1929-30இல் ஜேர்மனியின் லூபெக் நகரிலே, பீ.சீ.ஜீ. தடுப்புமருந்தில் வீரியமிக்க காசநோய்க் கிருமி ஆய்வுகூடத்திற் கலந்துவிட, அது 251 பச்சிளங்குழந்தைகளுக்கு வாய்வழி புகட்டப்பட்டது. 72 குழந்தைகள் இறந்தன. எஞ்சியவை, பெரும்பாலானவை நோய்க்குறிகள் காட்டிய பின்னரும், பிழைத்துக்கொண்டன. கொடிய கிருமியை நேரே விழுங்கிய குழந்தைகளுட் பெரும்பான்மையானவை மருந்தெதுவும் இல்லாத அக்காலத்திலே தாமாகவே மீண்டமை மனித உடலின் எதிர்ப்பாற்றலுக்கு ஒரு சான்றாக அன்றுதொட்டு எடுத்தாளப்படுகின்றது. ஆனால் இங்கும் ஒரு சிக்கலுண்டு. ஒவ்வொரு கலவையிலும் கலந்த நச்சுக்கிருமியின் அளவு வேறுபட்டது. அளவு மிகுந்தபோது இறப்பும் மிகுந்தது. ஆகவே, உடலின் வேறுபாடு இவ்வளவு, கிருமியின் அளவு இவ்வளவு என்று பிரித்துக் கூறுதல் அங்கும் கைகூடவில்லை.

இரட்டையர் ஆய்வுகள் மற்றொரு வழி. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் பரம்பரையலகுகள் அனைத்திலும் ஒத்தவர். இருகருவிரட்டையர் உடன்பிறந்தோரளவே ஒத்தவர். நியூயோர்க்கைச் சேர்ந்த கால்மனும் ரைஸ்னரும் 1943இல், ஒருகருவிரட்டையருள் ஒருவர் நோயுற்றால் மற்றவரும் நோயுறுவது 100க்கு ஏறத்தாழ 87 என்றும், இருகருவிரட்டையரில் அது 26 என்றும் வெளியிட்டனர். இவ்வெண்கள் பாடநூல்களில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தின. 1978இல் கொம்ஸ்ரொக் என்பார் பிரித்தானிய இரட்டையர் பற்றிய பழைய தரவுகளை, வயது, பால், உடன்வாழ்தல் முதலியவற்றைக் கருத்திற்கொண்டு மீளக் கணக்கிட்டபோது வேறுபாடு சுருங்கி ஏறத்தாழ இரு மடங்காயிற்று. சுருங்கியது, ஆயின் மறையவில்லை. பரம்பரைக்குப் பங்குண்டு, ஆனால் அது முன்னர் கருதப்பட்டதிலும் குறைவு என்னும் இம்முடிவு, பின்னர் வரவிருந்தவை அனைத்துக்கும் முன்னறிவிப்பாக அமைந்தது.

இதற்கிடையில் சென்னையிலே நடைபெற்ற ஆய்வொன்று இவ்வினாவின் போக்கையே மாற்றியது எனலாம். ஸ்ரெப்ரோமைசினும் ஐசோனியாசிட்டும் கைக்கு வந்தபின், வறிய நாடுகளின் நோயாளர் அனைவர்க்கும் சானடோரியக் கட்டில் கொடுத்தல் இயலுமா என்ற கேள்வி எழுந்தது. அதுவரை நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமிகு உணவு ஆகியனவே சிகிச்சையின் உயிர்நாடியெனக் கருதப்பட்டன. மதனப்பள்ளிக்கு அணித்தான ஆரோக்கியவரத்தில் 1915இல் திறக்கப்பட்ட சானடோரியமும், 1928இல் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியமும் அந்நம்பிக்கையின் விளைவுகளே. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இணைந்து சென்னையில் ஒரு மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையத்தைத் தொடங்கின. வொலஸ் பொக்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். நகரின் நெருக்கமான வறிய பகுதிகளிலிருந்து வந்த 193 நோயாளர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு சாரார் சானடோரியத்திலும் மறுசாரார் தத்தம் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர்.

1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. சானடோரியத்தில் 100க்கு 92 பேரும் வீட்டில் 86 பேரும் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டனர், குறைவாக ஓய்ந்தனர், பலர் வேலைக்கும் சென்றனர். அவ்வாறிருந்தும் மருந்து தன் கடமையைச் செய்தது. நமது பொருளுக்கு இதனினும் முக்கியமானது அடுத்த முடிவாகும். நோயாளரோடு அதே சிற்றறையில் வாழ்ந்த உறவினரைத் தொடர்ந்து கண்காணித்தபோது, வீட்டிற் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தார் சானடோரியத்துக்குச் சென்றோரின் குடும்பத்தாரினும் அதிகமாக நோயுறவில்லை. நோயுற்ற உறவினருட் பெரும்பாலோர் தொடக்கத்திலேயே நோயுற்றனர். அதாவது மருந்து தொடங்குமுன்னரே அவர்கள் தொற்றைப் பெற்றிருந்தனர். தாயும் மகளும் பேத்தியும் அடுத்தடுத்து இறந்த பழைய குடும்பக் கதைகளை இம்முடிவின் ஒளியில் மீளப் படித்தல் வேண்டும். அங்கே இறங்கியது குலமன்று, மருந்தறியாத இருமலே. ஐரோப்பாவின் பெருஞ் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டமைக்குச் சென்னைச் சேரிகளில் நடந்த இவ்வாய்வும் ஒரு காரணம் என்பதை நம்மவர் போதியளவு நினைவிற் கொள்வதில்லை.

சென்னைக்கு அருகே நடந்த இரண்டாவது பெருமுயற்சி இத்தகைய தெளிவைத் தரவில்லை, புதிரையே தந்தது. 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டமாயுள்ள பகுதியிலே, ஏறத்தாழ 3,60,000 மக்களைக் கொண்ட நிலப்பரப்பில் பீ.சீ.ஜீ. தடுப்பூசி சோதிக்கப்பட்டது. உலகில் அத்தடுப்பூசி பற்றி நடந்த சோதனைகளுள் மிகப் பெரியது அதுவே. பிரித்தானியப் பாடசாலைப் பிள்ளைகளை 100க்கு 75க்கு மேற்பட்ட அளவிற் காத்த அதே தடுப்பூசி, செங்கற்பட்டில் வளர்ந்தோரின் சுவாசப்பைக் காசநோயைத் தடுக்கவில்லை என 1979-80இல் முதல் முடிவுகள் வெளிவந்தன. 15 ஆண்டுக் கண்காணிப்பின் பின் 1999இல் வெளியான அறிக்கையும் அதையே உறுதிசெய்தது. (இராஜாஜி 1955இல் பீ.சீ.ஜீ. இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்தெழுதியதைச் சிலர் இவ்விடத்து நினைவூட்டுவர். அவர் அஞ்சியது தடுப்பூசி தீங்கிழைக்கும் என்பதையே. செங்கற்பட்டு முடிவு அவ்வச்சத்தை மெய்ப்பிக்கவில்லை. குழந்தைகளின் மூளைமென்சவ்வுக் காசநோயைத் தடுக்கும் ஆற்றல் காரணமாக இலங்கையிலும் இந்தியாவிலும் அது பிறப்பின்போது இடப்பட்டே வருகின்றது.)

செங்கற்பட்டில் ஏன் பயனளிக்கவில்லை? தமிழரின் உடலே வேறு என்று கூற ஆசைப்படுவோர்க்கு இஃது ஒரு வாய்ப்பாயிற்று. ஆயின் குருதியை நோக்கி விரலை நீட்டுமுன் பார்க்கவேண்டியவை இருந்தன. அம்மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு கோலுயிர்கள் மக்களின் நிர்ப்பீடனத்தைச் சிறுவயதிலேயே பழக்கிவைத்திருந்தன. தென்னிந்திய நோயாளரிடமிருந்து பெறப்பட்ட காசநோய்க் கிருமிகளுட் பல, கினிப்பன்றிகளில் வீரியங் குன்றியவையாக இருப்பதை மிச்சிசனும் சென்னை ஆய்வாளரும் 1960ஐ அண்டிய ஆண்டுகளிலேயே கண்டிருந்தனர். தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது இந்துசமுத்திரக் கரையோரங்களுக்குரிய தொன்மையான கிருமி வழியென்பது பின்னர் மூலக்கூற்று ஆய்வுகளாற் புலனாயிற்று. ஆகவே பரம்பரை என்று பேசும்போது மனிதனின் பரம்பரையை மட்டும் பேசுதல் போதாது, கிருமிக்கும் பரம்பரையுண்டு.

பரம்பரையலகுகளை நேரிலே தேடுதற்குரிய கருவி வேறொரு துறையிலிருந்து வந்தது. 1958இல் பரிசில் ழான் டொசே, பிறர் குருதியைப் பலமுறை ஏற்றுக்கொண்டோரின் குருதிநீர், வேறு மனிதரின் வெண்குழியங்களை ஒட்டவைப்பதைக் கண்டார். வெண்குழியங்களின் மேற்பரப்பில் ஆளுக்காள் வேறுபடும் அடையாளங்கள் உள என்பது அதன் பொருள். எச்.எல்.ஏ. எனப்படும் இவ்வடையாளங்களை ஆளும் பரம்பரையலகுகள் ஆறாம் நிறமூர்த்தத்தில் நெருங்கி அமைந்துள்ளன. டொசேக்கு 1980இல் நோபல் பரிசு கிடைத்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குத் தடையாகவே முதலில் அறியப்பட்ட இவற்றின் இயற்கையான பணி யாது என்பதை, 1974இல் சிங்கர்நாகலும் டோகேட்டியும் செய்த ஆய்வு விளக்கியது.

காசநோயில் அப்பணி பின்வருமாறு நிகழ்கின்றது. சுவாசப்பையை அடைந்த கோலுயிரைப் பெருந்தின்கலம் விழுங்குகின்றது. ஆனால் விழுங்கியதைக் கொல்ல அதனால் எளிதில் இயல்வதில்லை. கிருமியின் புரதத் துண்டுகளைத் தன் எச்.எல்.ஏ. மூலக்கூற்றின் பள்ளத்தில் ஏந்தி, அது ரீ கலங்களுக்குக் காட்டுகின்றது. துண்டை இனங்கண்ட ரீ கலம் இன்ரபெரோன் காமா என்னும் பொருளைச் சுரந்து பெருந்தின்கலத்துக்குக் கொல்லும் வலுவை ஊட்டுகின்றது. கொல்லமுடியாதவிடத்துக் கலங்கள் கிருமியைச் சூழ்ந்து சிறுகணுவாகச் சிறையிடுகின்றன. எந்தத் துண்டு ஏந்தப்படும், எது நழுவும் என்பதைத் தீர்மானிப்பது பள்ளத்தின் வடிவம். அவ்வடிவமோ பெற்றோரிடமிருந்து வருவது. ஆகவே, எச்.எல்.ஏ. வகைக்கும் நோய்க்கும் தொடர்பிருத்தல் கூடும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே.

இந்தியாவில் இத்தேடல் முனைப்பாக நடந்தது. புதுடில்லியில் மேஹ்ராவும் உடனாய்வாளரும் 1983இல் வட இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து, டீ.ஆர்.2 என்னும் வகை நோயுற்ற பிள்ளைகளுக்கு எதிர்பார்க்கப்படுவதினும் மிகுதியாகச் சென்றிருப்பதைக் காட்டினர். தெற்கே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பன் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வும் டீ.ஆர்.2ஐயே சுட்டியது. 1998இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட ஆய்வு அமைப்பு முறையால் என்னைக் கவர்ந்தது. நோயாளருடன் ஒப்பிடுவதற்கு அவர்கள் தேர்ந்தது தெருவிற் செல்லும் எவரையுமல்ல. நோயாளரின் கணவன் அல்லது மனைவியை. ஒரே அறை, ஒரே காற்று, ஒரே சோறு. குருதி மட்டும் வேறு. பியர்சன் 90 ஆண்டுகளுக்கு முன் கடக்கத் தவறிய தடையை, குடும்ப வாழ்வின் மிக எளிய உண்மையைக் கொண்டு இவர்கள் கடந்தனர். இங்கும் டீ.ஆர்.2 தலைகாட்டியது.

டீ.ஆர்.2 உடையோர் நோய்க்கு எதிராக வலுவற்றவர் என்று இதனைப் புரிந்துகொள்ளலாகாது. இந்தோனேசியாவிலும் சென்னையிலும் நடந்த ஆய்வுகளில், இவ்வகையுடைய நோயாளர் கிருமிக்கெதிரான பிறபொருளெதிரிகளைக் குறைவாகவன்றி மிகுதியாகவே கொண்டிருந்தனர். உடல் உறங்கவில்லை, விழித்தே இருந்தது. இப்புதிருக்கு 2010இல் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒளி கிடைத்தது. உலகின் பல பாகங்களிலிருந்து பெற்ற காசநோய்க் கிருமிகளின் பரம்பரைப் பொருளை ஒப்பிட்ட ஆய்வாளர், ரீ கலங்கள் இனங்காணும் புரதத் துண்டுகளே மிகக் குறைவாக மாறியிருப்பதைக் கண்டனர். பிற கிருமிகள் இனங்காணப்படாதிருக்க வேடம் மாற்றும். இதுவோ தன்னை இனங்காணுமாறு முகத்தைக் காட்டி நிற்கின்றது. காரணம் விளங்காததன்று. நிர்ப்பீடனத்தின் சீற்றமே சுவாசப்பையை அரித்துக் குழியாக்குகின்றது; குழியிலிருந்தே சளியும் இருமலும் எழுகின்றன; இருமலே கிருமியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுசெல்லும் வாகனம். நமது பாதுகாப்பையே தன் பயணத்துக்குப் பயன்படுத்தும் பகையிடம், 'வலுவான குருதி', 'மெலிந்த குருதி' என்ற பாகுபாடு பொருளிழக்கின்றது.

ஒரே பரம்பரையலகின் பழுதால் கோலுயிர்களுக்கு முற்றாக அடிபணியும் குழந்தைகளும் உளர். மால்ற்றாத் தீவின் ஒரே கிராமத்தைச் சேர்ந்த சில பிள்ளைகள், பிறருக்கு ஊறு செய்யாத கோலுயிர்களாற் பெருநோயுற்றனர். இன்ரபெரோன் காமாவை ஏற்கும் வாங்கியில் அவர்களுக்குப் பழுதிருந்தமை 1996இல் கண்டறியப்பட்டது. தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே பழுது வந்து சேர்ந்தாலன்றி இத்தகைய நோய் பொதுவாகத் தோன்றாது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்குடைய நம்மவர் இதனை அறிந்திருத்தல் நன்று. ஆயினும் இவை மிக அரிய நோய்கள். குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படுவன. நாற்பது வயதில் இருமத் தொடங்கிய பெரியதாயாருக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. வேடிக்கை யாதெனில், குடும்பத்தில் காசநோய் என்று அயலாரின் பெண்ணை ஒதுக்கி, சொந்தத்துக்குள் மணமுடிப்போர், பரம்பரையின் கண்கொண்டு பார்த்தால் இடரைக் குறைத்தவராகார்.

இவ்வரிய நோய்களுக்கும் பொதுவான காசநோய்க்கும் இடைப்பட்ட வெளியில் தேடியோர் கண்டவை சிலவே. எலிகளிற் கண்டறியப்பட்ட ஒரு பரம்பரையலகு கம்பியாவில் காசநோயுடன் தொடர்புடையதென 1998இல் அறிவிக்கப்பட்டபோது எழுந்த ஆரவாரம் பின்னர் அடங்கிற்று. தொடர்பு உண்டு, ஆனால் சிறிது. இலண்டனில் வாழும் குஜராத்தியரிடையே 2000இல் வெளியான ஆய்வு, விற்றமின் டீ வாங்கியின் பரம்பரையலகு வேறுபாடு, அவ்விற்றமின் குறைந்த நிலையிலேயே பொருட்படுத்தத்தக்கதாவதைக் காட்டியது. வெயிலற்ற நாட்டில் குடியேறியமை அலகின் வாயைத் திறந்தது என்று கூறலாம். ரைக்.2 என்னும் அலகின் ஒரு வேறுபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர் காசநோய்க்கு எளிதில் ஆளாவது 2018இல் தெளிவாயிற்று. அத்தகையோர் ஐரோப்பியருள் ஏறத்தாழ 600 பேருக்கு ஒருவர். பழகிய ஐரோப்பிய உடல் என்ற கமின்ஸ் காலக் கொள்கையை நினைவுகூர்வோர்க்கு இவ்விடத்துச் சிறு புன்னகை தோன்றலாம்.

2024இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பாய்வு இதுவரையிலான தேடலின் பெருங்கணக்கு எனலாம். ஆபிரிக்க, ஆசிய, ஐரோப்பிய வழியினரான 14,153 நோயாளரும் 19,536 நோயற்றோரும் அதில் இடம்பெற்றனர். மனிதனின் முழுப் பரம்பரைப் பொருளையும் துருவியபின், எல்லா மக்களுக்கும் பொதுவாக ஐயமின்றி நின்றது ஒரேயோர் இடந்தான். அது ஆறாம் நிறமூர்த்தத்திலே, எச்.எல்.ஏ. இரண்டாம் வகுப்புப் பகுதியில் உள்ளது. புதுடில்லியிலும் மதுரையிலும் குருதிநீர்த் துளிகளை வைத்துக்கொண்டு தேடியோர் நின்ற அதே தெரு. பரம்பரையின் பங்கோ, ஆய்வுக்கு எடுத்த மக்கட்டொகுதியைப் பொறுத்து 100க்கு 5 முதல் 36 வரை எனப் பெரிதும் வேறுபட்டது. ஓரிடத்தில் கிருமியும் பசியும் மிகுந்தால் குருதியின் பங்கு மறைந்துபோகும். அவை குறைந்தால் அது தெரியத் தொடங்கும். எனவே பரம்பரையின் பங்கு என்பது ஒரு மக்கட்கூட்டத்தின் மாறாத இயல்பன்று. அவர் வாழும் வீட்டோடு சேர்ந்து மாறும் எண்.

யட்டவத்தப் பகுதியில் முறிந்துபோகும் திருமணப் பேச்சுக்கு இவ்வெண்கள் யாது கூறும்? டீ.ஆர்.2 வகை தென்னாசியாவில் பரவலாக உள்ளது. பெண்வீட்டை விசாரிக்கும் மாப்பிள்ளைவீட்டாரிடமும் அது இருக்கக்கூடும். அவ்வகையுடையோருள் மிகப் பெரும்பாலோர் இந்நோயைக் காணாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். எச்.எல்.ஏ. வகையைக் கேட்டு மணமுடிக்க எந்த வைத்தியரும் அறிவுரை கூறுவதில்லை; கூறுவதற்கு ஆதாரமுமில்லை. கேட்கத்தக்க கேள்வி வேறொன்று உண்டு: வீட்டில் இப்போது இருமுவோர் எவரும் உளரா, அவர் ஆறு மாத மருந்தை முடித்தாரா என்பது. அக்கேள்விக்கு மாத்தளை மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் விடை கிடைக்கும்.

கூரையின் பங்கையும் கலத்தின் பங்கையும் அளந்த அண்மைய ஆய்வொன்றும் உண்டு. 2019 முதல் 2022 வரை இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில், பெரும்பாலும் பழங்குடியினர் வாழும் மாவட்டங்களில், காசநோயாளர் 2,800 பேரின் வீடுகளைச் சேர்ந்த 10,345 உறவினர் ஆராயப்பட்டனர். சென்னை நிலையமும் இதில் பங்குகொண்டது. ஒரு பிரிவினரில் நோயாளருக்கு மட்டும் உணவுப்பொதி வழங்கப்பட்டது. மறுபிரிவினரில் வீட்டிலுள்ள ஏனையோருக்கும் ஆறு மாதங்களுக்கு, வளர்ந்த ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் விற்றமின் மாத்திரைகளும் வழங்கப்பட்டன. 2023இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 100க்கு 39 குறைந்தது. தொற்றும் வகைக் காசநோய் 48 குறைந்தது. அவ்வீட்டாரின் எச்.எல்.ஏ. வகை எதுவென்று எவரும் பார்க்கவில்லை.